எண்ணெய்க் கப்பலில் வேலை, அனுபவம் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் 'நிழல் கப்பல்கள்' பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. தடை விதிக்கப்பட்ட நாடுகளின் எண்ணெயைப் பழைய டேங்கர்கள் எப்படிக் கடத்துகின்றன, எந்த நாட்டுக்கு எவ்வளவு லாபம், பெட்ரோல் விலை என்ன ஆகும் என்று கட்டுரையாளர் விளக்கமாக எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கப்பல்களில் வேலை செய்கிறவன் யார் என்று மட்டும் ஒரு வரி இல்லை. தாளைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கம், வரி விளம்பரங்கள். மணமகள் தேவைக்கும் மனை விற்பனைக்கும் நடுவே நான்கு வரி: "எண்ணெய்க் கப்பலில் வேலை. 10ஆம் வகுப்பு போதும். அனுபவம் தேவையில்லை. உடனே விமானம்." கட்டுரையாளர் எழுதாமல் விட்டது அந்த நான்கு வரிக்குள் இருந்தது.

நான் ஓய்வுபெற்ற பம்ப்மேன். 1984இல் கப்பலேறி 2019இல் கரையிறங்கினேன். அதில் 26 ஆண்டு டேங்கரில். சரக்கை ஏற்றி இறக்கும் பம்புகள், வால்வுகள், குழாய்கள் எல்லாம் பம்ப்மேன் பொறுப்பு. அதிகாரியும் இல்லை, சாதாரண டெக் ஆளும் இல்லை. கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே ஓடுகிறவனைப் போல ஒரு பிழைப்பு. என் அப்பா தோணித் தண்டல், அதாவது தோணியை ஓட்டிச்செல்லும் தலைவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவர். அவர் காலத்தில் கரையில் நின்று ஒரு தோணியைக் காட்டி "இது யாருடையது?" என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். முதலாளி வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியும்.

ஆறு மாதத்துக்கு முன் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். பயிற்சி முடித்து, கப்பல் தொழிலாளிக்கு அரசு கொடுக்கும் பதிவுப் புத்தகமான சி.டி.சி. வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வருடமாகக் கப்பல் கிடைக்காமல் திரிந்தவன். "மாமா, கப்பல் கிடைத்துவிட்டது" என்று கைப்பேசியை நீட்டினான். வாட்ஸப்பில் நியமனக் கடிதம். டேங்கர், டெக்கில் கடைநிலை வேலை, மாதம் 600 டாலர், ஏற வேண்டிய இடம் ஷார்ஜா. விசா மட்டும் சுற்றுலா விசா. ஏஜெண்டுக்கு இரண்டு லட்சம் கொடுத்தாயிற்று, விமானம் ஏறும் முன் இன்னும் ஒன்றரை கொடுக்க வேண்டும். அக்காவின் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடையில் இருக்கிறது என்பதை அவன் சொல்லவில்லை, அத்தான் பிறகு சொன்னார்.

கப்பலின் பெயரை நான் கேட்கவில்லை. எண்ணைக் கேட்டேன்.

கப்பலுக்குப் பெயரும் கொடியும் முதலாளியும் மாறலாம். ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் என்ற ஏழு இலக்கம் மாறக்கூடாது. கப்பல் கட்டும் தளத்தில் கொடுத்தால் உடைக்கும் தளம் வரைக்கும் அதுதான். அந்த எண் மெய்யானதா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகையின் கடைசி இலக்கமும் எண்ணின் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பாடத்தில் காட்டும் உதாரணம் 9074729. 63, 0, 35, 16, 21, 4. கூட்டினால் 139. கடைசியில் 9. சரி. மருமகன் காட்டிய எண்ணைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாக வந்தது. அவன் முகம் மலர்ந்தது.

அடுத்து எக்வாசிஸ் என்ற இணையத்தளத்தைத் திறக்கச் சொன்னேன். பெயரைப் பதிவு செய்தால் போதும், காசு கிடையாது, உலகத்தில் ஓடும் கப்பல்களின் ஜாதகம் அதில் இருக்கிறது. இந்தக் கப்பல் 2001இல் கட்டியது. மூன்று வருடத்தில் நான்கு பெயர். கப்பலின் உறுதிக்குச் சான்று தரும் கிளாஸ் நிறுவனம் 2023இல் தன் சான்றைத் திரும்பப் பெற்றுவிட்டது. காப்பீடு என்ற இடம் காலி. உரிமையாளர் என்று ஒரு கம்பெனி, அதற்கு உள்ள ஒரே சொத்து இந்தக் கப்பல், முகவரி தெரியவில்லை என்று குறிப்பு. கொடி என்ற இடத்தில் ஒரு நாட்டின் பெயர், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொய்' என்ற பொருளில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்.

"கொடி பொய் என்றால் என்ன மாமா?" என்றான்.

கடலுக்கு நடுவில் ஒரு கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதில் செல்லும். கடற்கரையே இல்லாத மங்கோலியாவின் கொடிகூடக் கப்பல்களில் பறக்கிறது, அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. பேருக்காவது கேட்க ஒரு கதவு இருக்கிறது. பொய்க் கொடி என்றால் அந்த நாடே "இது எங்கள் கப்பல் இல்லை" என்று கைவிரித்துவிட்டது என்று பொருள். சம்பளம் வராவிட்டால் வழக்குப் போட நீதிமன்றம் இல்லை. கை போனால் இழப்பீடு இல்லை. பட்டா இல்லாத நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவனாவது மண்ணில் நிற்கிறான். இது மிதக்கும் புறம்போக்கு.

பையன் உடனே கேட்ட கேள்வியையும் எழுதிவிடுகிறேன். "கொடியும் காப்பீடும் ஆபீஸ் விஷயம் மாமா. நமக்கு வேலை டெக்கில்தானே?" இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.

1969 டிசம்பரில், ஒரே மாதத்துக்குள், மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாகோன் VII என்று மூன்று ராட்சத டேங்கர்கள் வெடித்தன. மூன்றும் காலி டாங்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது வெடித்தவை. எண்ணெய் நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க்தான் அபாயம் என்பது கரையில் இருப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எண்ணெய் போய் ஆவி நிற்கும், காற்று உள்ளே வரும், வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் நிலைமின்சாரத்தை உண்டாக்கும், ஒரு பொறி போதும். அதற்குப் பிறகுதான் ஐ.ஜி., அதாவது மந்த வாயு, என்று நாங்கள் சொல்லும் ஏற்பாடு டேங்கர்களில் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. பாய்லர் புகையைக் கழுவிக் குளிரவைத்து டாங்குக்குள் விடுவார்கள். ஆக்சிஜன் 8 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பொறி விழுந்தாலும் பற்றாது. கப்பல் பிழைக்கும். ஆனால் அதே வாயுவை மனிதன் இரண்டு மூச்சு இழுத்தால் தீர்ந்தான். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். டாங்குக்குள் ஆளை இறக்குவதானால் முதலில் காற்றோட்டம் கொடுத்து, மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் மீட்டரை இறக்கி, மூன்றும் 20.9 காட்டிய பிறகே பெர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

1998இல் ஐக்கிய அமீரகத்தின் புஜைரா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நின்றோம். கப்பல் பெயரோ கம்பெனி பெயரோ இங்கே வேண்டாம். கப்பலுக்கு வயது 19. மறுநாள் காலை சரக்கு ஏற்ற வேண்டும், மூன்றாம் நம்பர் டாங்கின் அடியில் சகதி கிடந்தது. டாங்கைக் கழுவிய பிறகும் அடியில் தங்கும் சகதியை வாளியில் அள்ளிக் கயிற்றில் கட்டித்தான் மேலே இழுப்போம். ஏவுகணைக் காலத்திலும் அந்த வேலைக்கு வாளிதான். பெர்மிட் என் கைக்கு வந்தபோது மூன்று கட்டத்திலும் 20.9, 20.9, 20.9 என்று ஒரே பேனாவில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாயிற்று. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் நான் சரக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்திருந்தேன். மீட்டர் அங்கே சார்ஜரில் இருந்தது, பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தவன் நான். பெர்மிட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தவனும் நான்.

முதலில் இறங்கியது 22 வயதுப் பையன். இரண்டாவது மேடையில் உட்கார்ந்தான். விழவில்லை, கத்தவில்லை, களைத்தவன் திண்ணையில் உட்காருவதைப் போல உட்கார்ந்தான். டெக் ஆட்களின் தலைவரான போசன் அண்ணன் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. மூச்சுக்கருவியை எடுத்து வரச் சொல்லி நான் கத்துவதற்குள் அவர் ஏணியில் பாதி இறங்கிவிட்டார். மூடிய இடத்தில் ஒருவன் விழுந்தால் வெறும் கையோடு பின்னால் போகாதே என்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவரே அவர்தான். இரண்டு பேரையும் அன்று கயிற்றில்தான் ஏற்றினோம். விசாரணை அறிக்கையில் 'ஊழியர் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். சார்ஜரில் இருந்த மீட்டரைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. எனக்கு அப்போது இரண்டாவது மகள் பிறந்து நான்கு மாதம்.

இதை இத்தனை வருடம் கழித்து உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. அது எல்லாச் சான்றிதழும் உள்ள கப்பல். கொடி இருந்தது, காப்பீடு இருந்தது, இரண்டு குடும்பத்துக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு பேனா இரண்டு உயிரை வாங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் தொழில் மாறியது, மாறவில்லை என்று சொன்னால் பொய். 2015 முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூடிய இடத்தில் மீட்புப் பயிற்சி கட்டாயம். 2016 ஜூலை முதல் காற்றுச் சோதனை மீட்டர் கப்பலில் இருந்தே ஆக வேண்டும். வெளித்தகடு ஒன்றே உள்ள ஒற்றை உடல் டேங்கர்கள் ஒழிந்து, இரண்டு தகடு உள்ள இரட்டை உடல் வந்தது. அதற்கு 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸும், 1999இல் பிரான்ஸ் அருகே எரிக்காவும், 2002இல் ஸ்பெயின் அருகே பிரெஸ்டீஜும் கடற்கரைகளைக் கறுப்பாக்க வேண்டியிருந்தது. இவை எல்லாவற்றையும்விட எங்களை நடுங்கவைத்தவர் ஒருவர் உண்டு: எண்ணெய்க் கம்பெனிகள் அனுப்பும் பரிசோதகர். கொடி நாட்டு அதிகாரிக்குத் தேநீர் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். இவர் நேரே பம்ப் ரூம் மேலே வந்து, "பம்பை அவசரமாக நிறுத்த எங்கே அழுத்துவாய், காட்டு" என்று பம்ப்மேனைக் கேட்பார். அவர் அறிக்கை மோசமானால் அந்தக் கப்பலுக்குச் சரக்கு கிடைக்காது. சரக்கு இல்லையென்றால் முதலாளிக்கு நஷ்டம். மனிதாபிமானம் செய்யாததை அந்த பயம் செய்தது.

நிழல் கப்பலுக்கு அந்தப் பரிசோதகர் வரமாட்டார். கிளாஸ்காரர் வரமாட்டார், ஒழுங்கான துறைமுகத்துக்கு அது போவதே குறைவு. நடுக்கடலில், ராத்திரியில், இன்னொரு கப்பலை ஒட்டி நிறுத்தி எண்ணெய் மாற்றுவார்கள். இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியை அணைத்துவிடுவார்கள். 2024 ஜூலை 19 அன்று சிங்கப்பூருக்குக் கிழக்கே, பெத்ரா பிராங்கா என்ற சிறு தீவுக்கு அப்பால், ஹஃப்னியா நைல் என்ற டேங்கரும் சீரஸ் I என்ற பழைய டேங்கரும் மோதித் தீப்பிடித்தன. சீரஸ் 2001இல் கட்டியது. மோதிய இடத்தில் நிற்காமல், கருவியையும் அணைத்துவிட்டு நழுவியதாக மலேசியக் கடலோரக் காவல்படை சொன்னது. பிறகு இரண்டு இழுவைப் படகுகளோடு பிடித்தார்கள். தீப்பிடித்த கப்பல் ஓடி ஒளிகிறது என்றால், உள்ளே எரிந்தவனுக்கு மருந்து போட எந்தக் கரைக்குப் போகும்?

இதைப் படிக்கும்போது எனக்கு நியூ டைமண்ட் ஞாபகம் வந்தது. 2020 செப்டம்பர் 3, இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக் கரைக்கு அப்பால். குவைத்திலிருந்து ஒடிசாவின் பாராதீப்புக்கு 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு போன கப்பல். எஞ்சின் பகுதியில் பாய்லர் வெடித்து ஒரு பிலிப்பைன்ஸ் தொழிலாளி இறந்தார். 22 பேரைக் காப்பாற்றினார்கள். சரக்கு டாங்குகள் தப்பின. அது தப்பியிராவிட்டால் திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்களின் கதி என்ன? பிறகு இலங்கை அரசு தீயணைத்த செலவைக் கேட்டது. கேட்க ஒரு முதலாளி இருந்தார். கப்பல் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் இருந்தது.

எண்ணூரும் அப்படித்தான். 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிளும் டான் காஞ்சிபுரமும் மோதின. முதலில் கசிவே இல்லை என்றார்கள். நான் விடுப்பில் மகள் வீட்டில் இருந்தேன். நான்காம் நாள் எர்ணாவூர் கரைக்குப் போய்ப் பார்த்தால், கல்லூரிப் பிள்ளைகளும் மீனவர்களும் வரிசையாக நின்று கறுப்புச் சகதியை வாளியில் மொண்டு கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் சிரித்தது, வாளியா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாளியை எனக்குத் தெரியும். அங்கே கொட்டியது சுமார் 250 டன் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். நியூ டைமண்டில் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் சுமக்கும் டேங்கர் காப்பீட்டுச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று சர்வதேச ஒப்பந்தம் சொல்வது வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள், காப்பீடு இல்லாத ஒரு கப்பல் மன்னார் வளைகுடாவில் உடைந்தால் வாளிக்கு யார் காசு கொடுப்பார் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

தொழிலாளி கதைக்கு வருகிறேன். சம்பளமும் சாப்பாடும் இல்லாமல் கப்பலோடு கைவிடப்பட்டவர்கள் 2024இல் மட்டும் 3,133 பேர், 312 கப்பல்களில், என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு கணக்குக் கொடுத்தது. அதில் இந்தியர்கள்தான் அதிகம். அதே ஆண்டு ஜூலையில் ஓமனுக்கு அருகே பிரெஸ்டீஜ் ஃபால்கன் என்ற சிறு டேங்கர் கவிழ்ந்தது. 16 பேரில் 13 பேர் இந்தியர், மூன்று பேர் இலங்கையர். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். தேக் போய் ஒன்பது பேரை உயிரோடு மீட்டது. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பது கரையில் உட்கார்ந்திருந்த யாரோ சொன்ன பழமொழியாகத்தான் இருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர் கடல் தொழிலாளியிடம் பணம் வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் உரிமம் கொடுத்த ஏஜென்சிகளின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, ஆங்கிலத்தில். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2025இல் புதிய வணிகக் கப்பல் சட்டமும் கொண்டுவந்துவிட்டார்கள். தூத்துக்குடியிலேயே வணிகக் கடல்துறை அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு மேசை, ஒரு ஆள், தமிழில் ஒரு பலகை: "கப்பலின் ஏழு இலக்க எண்ணைக் கொண்டு வாருங்கள், கொடியும் காப்பீடும் கிளாஸும் உண்டா என்று பார்த்துச் சொல்கிறோம்." பத்து நிமிட வேலை. நான் காலண்டர் தாளில் செய்ததுதான். சி.டி.சி.யோடு சுற்றுலா விசாவில் ஷார்ஜாவுக்குப் பறக்கும் பையனை விமான நிலையத்தில் நிறுத்தி அந்த எண்ணைக் கேட்டால் இன்னும் நல்லது.

உங்களுக்கும் ஒரு கோரிக்கை. கப்பல் வேலை விளம்பரம் வாங்கும்போது ஏஜென்சியின் உரிம எண்ணைக் கேளுங்கள், அதையும் சேர்த்து அச்சிடுங்கள். எண் இல்லாத விளம்பரம் வேண்டாம். நான்கு வரிக்கு என்ன காசு வருகிறது என்று எனக்குத் தெரியாது, நடுப்பக்கக் கட்டுரைக்கு ஆகும் மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இப்படிச் சொல்லும்போது பையன்கள் என்னைத் திட்டுவார்கள், அதுவும் தெரியும். பயிற்சிப் பள்ளிகள் ஆட்களைத் தயார்செய்து தள்ளுகின்றன, அத்தனை பேருக்கும் நல்ல கப்பல் இல்லை. முதல் கப்பல் ஏறாமல் இரண்டாவது கப்பல் கிடைக்காது. நல்ல கம்பெனிகள் அனுபவம் கேட்கின்றன, அனுபவம் கேட்காதவன் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கும் நிலையில் அவன் வீடு இல்லை. சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "பொறு" என்று சொல்வது எனக்கு எளிது.

மருமகன் போகவில்லை. கொடுத்த இரண்டு லட்சம் திரும்பி வரவில்லை, ஏஜெண்ட் கைப்பேசியை எடுப்பதில்லை. இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் இறால் பெட்டி அடுக்குகிறான். என்னோடு பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது. நான் மட்டும் வாரம் ஒரு தடவை அந்த ஏழு இலக்கத்தைத் தட்டிப் பார்க்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அதற்கு ஐந்தாவது பெயர் வந்திருந்தது. கப்பலின் பின்புறத்தில் பழைய பெயரின் எழுத்துகள் வெல்டிங் தடிப்பாகப் புதுப் பெயிண்டுக்கு அடியில் தெரியும், அதைத் தேய்த்து எடுக்க இவர்களுக்கு நேரம் இருக்காது. அதன் டெக்கில் இப்போது எந்த ஊர்ப் பையன் நிற்கிறான் என்று எக்வாசிஸ் சொல்வதில்லை.

அந்த எண்ணைத் தனித்தாளில் எழுதி இக்கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அச்சில் போட வேண்டாம். உங்கள் நிருபர் ஒருவரிடம் கொடுங்கள். கூடவே உங்கள் ஒன்பதாம் பக்க விளம்பரத்தில் உள்ள கைப்பேசிக்கு அழைத்து, ஏற வேண்டிய கப்பலின் ஏழு இலக்கம் என்ன என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப்மேன் ஒருவன்,
தூத்துக்குடி.